தலையணை உறைக்குள் இருந்த மந்திரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கையிடமிருந்து போன். "அக்கா, உனக்கு ஒரு போட்டோ அனுப்பியிருக்கேன். பார்த்துட்டுக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். குரல் சரியில்லை.

படத்தில் இருந்தது கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். நாலாக மடித்துப் பிரித்த தடம் தெரிந்தது. மேலே பச்சை ஸ்கெட்ச் பேனாவில் 'மறையும் மந்திரம்' என்று தலைப்பு, அதற்கு அடிக்கோடு. கீழே அர்த்தமில்லாத நான்கு வரிகள். ஒவ்வொரு வரியும் 'ஸா' என்று முடிந்தது. அதற்கும் கீழே விதிமுறைகள்: மூன்று முறை சொல்ல வேண்டும், நடுவில் மூச்சு விடக் கூடாது, காலை 7.40க்கு முன்னால் சொல்லி முடித்துவிட வேண்டும். ஓரத்தில் ஒரு கண் வரைந்திருந்தது. அந்தக் கண்ணின் மேல் அழுத்தி அழுத்தி ஒரு பெருக்கல் குறி, தாள் கிழியும் அளவுக்கு.

எழுதியவள் தங்கை மகள். பத்து வயது. துவைப்பதற்காகத் தலையணை உறையைக் கழற்றியபோது தாள் கீழே விழுந்திருக்கிறது.

திருப்பிக் கூப்பிட்டதும் தங்கை கேட்ட முதல் கேள்வி, "நீதானே அக்கா அந்த மந்திரவாதிப் புத்தகமெல்லாம் வாங்கிக் கொடுத்தே?" உண்மைதான். ஒன்பதாம் பிறந்தநாளுக்கு ஹாரி பாட்டர் முதல் பாகத்தைக் கொடுத்தது நான்தான். இப்போது அவள் நான்காம் பாகத்தில் இருக்கிறாள். "இப்படியே விட்டா ஆவி, பில்லி சூனியம்னு புத்தி அந்தப் பக்கம் போயிடுமோன்னு பயமா இருக்கு" என்றாள்.

"சின்னப் பிள்ளை விளையாட்டு, விடு" என்று சொல்லி முடித்திருக்கலாம். வாய் வரவில்லை. எங்கள் உறவிலேயே ஒரு பையன் அந்தப் பக்கம் போய் அடிபட்டு வந்தது எங்கள் இருவருக்கும் தெரியும். தங்கையின் மனதில் ஓடியதும் அவன் முகம்தான். அவனைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அந்தப் போனுக்குப் பிறகு இந்தக் கேள்வியை நான் ஒரு நாளும் கீழே வைக்கவில்லை. மந்திரக் கதை படிக்கிற பிள்ளை மாந்திரீகத்தை நோக்கிப் போகுமா? நான் கொடுத்த புத்தகம் என்பதால் எனக்கு இதில் பொறுப்பு இருக்கிறது.

இந்தப் பயம் தங்கைக்கு மட்டும் வந்ததல்ல. முதல் பாகம் 1997 ஜூன் 26 அன்று லண்டனில் வெளிவந்தபோது கெட்டி அட்டைப் பதிப்பு வெறும் 500 பிரதிகள். சில வருடங்களிலேயே உலகம் முழுவதும் பரவியது; பரவிய வேகத்திலேயே எதிர்ப்பும் வந்தது. 2000 முதல் 2009 வரை அமெரிக்காவில் அதிக எதிர்ப்பைச் சந்தித்த நூல்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் முதலிடம் இந்த வரிசைக்குத்தான். 2001 டிசம்பர் 30 அன்று நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரில் ஒரு தேவாலயத்தார் இந்தப் புத்தகங்களைத் தீயில் போட்டு எரித்தார்கள். 2003இல், பிற்பாடு போப் ஆன கார்டினல் ராட்சிங்கர், இந்தக் கதைகள் இளம் மனதைத் தெரியாமலே கவர்ந்து கெடுக்கக்கூடும் என்ற கவலைக்கு ஆதரவாக ஒரு கடிதம் எழுதினார். 2009இல் அதே வத்திக்கானின் நாளிதழ் ஆறாவது படத்தைப் பாராட்டி, நன்மைக்கும் தீமைக்கும் நடுவிலுள்ள கோட்டைத் தெளிவாகக் காட்டுகிறது என்று எழுதியது. ஒரே வீட்டுக்குள் இரண்டு கருத்து. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

ஆர்க்கன்சா மாநிலத்தின் சீடர்வில் என்ற சின்ன ஊரில் நடந்தது எனக்கு இன்னும் கிட்டத்தில் படுகிறது. 2002இல் அங்கே பள்ளி நூலகத்தில் இந்தப் புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்துத் தனியாக வைத்தார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்ட அனுமதி இருந்தால்தான் பிள்ளை தொட முடியும். முதலில் இதைப் பரிசீலித்த நூலகக் குழுவில் 15 பேர். 15 பேரும் புத்தகம் இருக்கட்டும் என்றே வாக்களித்திருந்தார்கள். அதை மீறிப் பள்ளி வாரியம் 3க்கு 2 என்ற கணக்கில் முடிவு எடுத்தது. ஒரு சிறுமியின் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். 2003இல் நீதிபதி புத்தகங்களைப் பழையபடி திறந்த அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டார். அந்தச் சிறுமியின் வீட்டில் புத்தகம் இருந்தது, அவள் பெற்றோர் அனுமதியும் இருந்தது. ஆனால் கையெழுத்து வாங்கித்தான் தொட வேண்டும் என்ற அந்த ஏற்பாடே, இந்தப் புத்தகம் கெட்டது, இதை எடுப்பவளும் அப்படித்தான் என்று பள்ளி முழுவதும் சொல்லாமல் சொல்கிறதல்லவா? நீதிபதி அதையும் கணக்கில் எடுத்தார். தங்கையிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான். புத்தகத்தை இப்போது பிடுங்கினால், அவள் ஏதோ அசிங்கமான காரியம் செய்துவிட்டாள் என்று நாமே அவளிடம் சொன்னதாகிவிடும்.

"அப்ப அப்படியே விட்டுடலாமா?" என்றாள். அதற்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

படித்தேன். பிரிட்டனில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்து உளவியலாளர் யூஜின் சுபோட்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 2010இல் ஒரு ஆய்வை வெளியிட்டிருக்கிறார்கள். 4 முதல் 6 வயது வரையுள்ள 52 பிள்ளைகள். ஒரு பிரிவுக்கு ஹாரி பாட்டர் முதல் படத்திலிருந்து மந்திரம் நடக்கும் காட்சிகள். இன்னொரு பிரிவுக்கு அதே படத்திலிருந்து மந்திரம் இல்லாத காட்சிகள். பிறகு சோதித்துப் பார்த்தால், மந்திரக் காட்சி பார்த்த பிள்ளைகள் கற்பனைத் திறன் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். ஆனால் மந்திரம் நிஜத்தில் நடக்கும் என்ற நம்பிக்கை அவர்களிடம் குறிப்பிடும்படி கூடவில்லை. சின்ன ஆய்வுதான். இதை வைத்துக்கொண்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது 1991இல் உளவியலாளர் பால் ஹாரிஸ் குழுவினர் செய்தது. 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு காலிப் பெட்டியைக் காட்டி, இதற்குள் ஒரு பூதம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள் என்கிறார்கள். பூதம் நிஜமா என்று கேட்டால், இல்லை, சும்மா நினைத்துக்கொண்டோம் என்று பிள்ளைகள் தெளிவாகச் சொல்கிறார்கள். ஆனால் பெரியவர் அறையை விட்டு வெளியே போகிறேன் என்றதும் சின்னப் பிள்ளைகள் சிலருக்கு அவரை அனுப்ப மனம் வரவில்லை. தனியே விட்டால் சிலர் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். பூதம் இல்லை என்று தெரியும். இருந்தாலும் பயம் வருகிறது. இரண்டும் ஒரே பிள்ளைக்குள் ஒரே நேரத்தில் இருக்கிறது. பிள்ளை வளர்த்த யாருக்கும் இது புதிதல்ல. ஆகவே, "பிள்ளைக்குக் கதை எது நிஜம் எது என்று நன்றாகத் தெரியும்" என்று ஒரே வரியில் தங்கையின் பயத்தைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. தெரியும்தான். தெரிந்தும் இரவில் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொள்ளும்.

தமிழில் நமக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. தொப்பிக்குள்ளிருந்து முயலை எடுத்தால் அது கண்கட்டு வித்தை. கதையில் கம்பளம் பறந்தால் அது மாயாஜாலம். ஒருவரை வசப்படுத்தவோ கெடுக்கவோ சடங்கு செய்தால் அது மாந்திரீகம், பில்லி சூனியம், செய்வினை. ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் 'மேஜிக்' என்ற ஒரே சொல் போதும். அங்கே நடந்த சண்டையில் பாதி அந்த ஒரே சொல்லால் வந்தது என்று நினைக்கிறேன். நமக்குக் குழப்பம் 'மந்திரம்' என்ற இடத்தில் வருகிறது. வழிபாட்டில் சொல்வதும் மந்திரம், கதையில் கிழவி முணுமுணுப்பதும் மந்திரம். தங்கை அந்தத் தாளில் பார்த்துப் பதறியது அந்தச் சொல்லைத்தான். தலைப்பில் 'மறையும் பாட்டு' என்று இருந்திருந்தால் மடித்துத் திரும்ப வைத்திருப்பாள்.

இனி அந்தப் பையன். அப்போது அவனுக்குப் 16 வயது. கதைப் புத்தகமே தொடாதவன். பாடப் புத்தகத்துக்கு வெளியே அவன் ஒரு நாவலை முடித்ததாக எனக்கு நினைவில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒருவரிடம் போய்ச் சேர்ந்தான். தேர்வில் தேற ஒரு பூஜை, ஒரு பெண் திரும்பிப் பார்க்க ஒரு வசியம் என்று அந்த ஆள் போனிலேயே சொல்லச் சொல்ல இவன் செய்திருக்கிறான். அப்பா பணத்தை எடுத்து மூன்று நான்கு முறை அனுப்பியிருக்கிறான். ஒரு கட்டத்தில் போதும் என்று நிறுத்தப் பார்த்தபோதுதான் அந்த ஆள் உண்மையான முகத்தைக் காட்டினார். "பாதியில் விட்டால் ஏவினது திரும்பி உன் வீட்டுக்கே வரும்." அதற்குப் பிறகு பையன் பல வாரங்கள் விளக்கை அணைத்துத் தூங்கவில்லை. அம்மாவுக்கு லேசாகக் காய்ச்சல் வந்தால்கூட, தன்னால்தான் என்று மூலையில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். வீட்டில் யாருக்கும் காரணம் தெரியாது. எல்லாம் வெளியே வந்து, பள்ளியில் ஒரு ஆலோசகர் அவனிடம் பொறுமையாகப் பேசி, அவன் பழையபடி ஆக ஒரு வருடம் ஆனது.

அந்த ஆளுக்கு நாவல் எதுவும் தேவைப்படவில்லை. பையனுக்குத் தேர்வு பயம் இருந்தது, ஆசை இருந்தது, யாரிடமும் சொல்ல முடியாத வெட்கம் இருந்தது. "இது நிஜம், உனக்கு நடக்கும், யாரிடமும் சொல்லாதே" என்ற மூன்று வாக்கியம் போதுமானதாக இருந்தது. ஒரு மந்திரக் கதையும் பிள்ளையிடம் இந்த மூன்றையும் சொல்வதில்லை. 'ஒரே ஒரு ஊரிலே' என்று தொடங்கும்போதே, இது கதை, வா உள்ளே போகலாம், முடிந்ததும் வெளியே வந்துவிடலாம் என்று சொல்லிவிடுகிறோம். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் 1939இல் தேவதைக் கதைகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். கதை சொல்பவர் ஒரு இரண்டாவது உலகத்தைக் கட்டுகிறார், உள்ளே இருக்கும்வரை அந்த உலகத்தின் விதிப்படி எல்லாம் உண்மை, சந்தேகம் வந்த நிமிடம் வெளியே வந்து நிற்கிறோம் என்று அதில் விளக்கியிருக்கிறார். அந்த இரண்டாவது உலகத்துக்கு வாசல் உண்டு. பையன் மாட்டிக்கொண்ட இடத்தில் வாசல் இல்லை என்று அவனை நம்பவைத்திருந்தார்கள்.

சொல்லப்போனால், கதையை நிஜம் என்று எடுத்துக்கொள்வதில் பெரியவர்கள்தான் அதிகம் தவறியிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தி ஆனியன் என்ற நையாண்டி இதழ், ஹாரி பாட்டரால் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சாத்தான் வழிபாட்டில் சேர்வதாக ஒரு கட்டுரை வெளியிட்டது. முழுக்கக் கற்பனை, அதில் பேசிய பிள்ளைகளும் கற்பனை, எண்ணிக்கையும் கற்பனை. அதை நிஜச் செய்தி என்று நம்பிக் கவலையோடு ஆயிரக்கணக்கான பெற்றோருக்கு மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நாவலைப் படித்த பத்து வயதுப் பிள்ளைக்கு அது நாவல் என்று தெரிந்திருந்தது.

இன்னும் பின்னால் போனால் காட்டிங்லி. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள அந்தக் கிராமத்தில் 1917இல் 16 வயது எல்சி ரைட்டும் அவளுடைய சித்தி மகள் முறையான 9 வயது பிரான்சஸ் கிரிஃபித்ஸும் ஓடைக்கரையில் எப்போதும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிரான்சஸ் அடிக்கடி நனைந்து வந்து திட்டு வாங்குவாள். ஏன் அங்கேயே போகிறாய் என்றால், தேவதைகளைப் பார்க்க என்பாள். நம்பாதவர்களுக்குக் காட்டுவதற்காக எல்சி தன் அப்பாவின் கேமராவை வாங்கிக்கொண்டு போய், பிரான்சஸ் முன்னால் குட்டித் தேவதைகள் நடனமாடுவது போல ஒரு படம் எடுத்து வந்தாள். ஒரு சிறுவர் பரிசுப் புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்து அட்டையில் வரைந்து, இறகு சேர்த்து, வெட்டி, தொப்பிக்குக் குத்தும் ஊசியால் செடிகளுக்கு நடுவே நிறுத்தியிருந்தாள். எல்சியின் அப்பா, இது அட்டைதான் என்று சந்தேகப்பட்டு அதோடு விட்டுவிட்டார்.

ஆனால் 1919இல் எல்சியின் அம்மா பிரம்மஞான சபை (தியோசாபிகல் சொசைட்டி) என்ற ஆன்மிக அமைப்பின் கூட்டம் ஒன்றுக்குப் போய் இந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல, அது சபையின் முக்கியஸ்தர் எட்வர்ட் கார்ட்னர் கைக்குப் போனது. அவரிடமிருந்து ஆர்தர் கோனன் டாயிலுக்கு. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவர், மருத்துவம் படித்தவர். 1920 கடைசியில் ஒரு பிரபல இதழில், தேவதைகள் இருப்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று அவர் எழுதினார். அந்தச் சிறுவர் பரிசுப் புத்தகத்திலேயே டாயிலின் கதையும் ஒன்று இருந்தது. தன் கதை அச்சான புத்தகத்தின் படத்தைப் பார்த்து வரைந்த உருவங்களை அவர் அடையாளம் காணவில்லை. பெண்கள் இருவரும் உண்மையைச் சொல்ல 1983 ஆனது. அதற்குள் இருவரும் பாட்டிகளாகிவிட்டார்கள். கடைசி ஒரு படம் மட்டும் நிஜம் என்று பிரான்சஸ் இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாயில் முதல் உலகப் போரை ஒட்டிய வருடங்களில் மகனையும் தம்பியையும் பறிகொடுத்தவர். இறந்தவர்களோடு பேச முடியும் என்று அவர் நம்பியதற்குள் எவ்வளவு துக்கம் இருந்திருக்கும். தேவதைக் கதைப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த பிள்ளைகளுக்கு அது அட்டை என்று தெரியும். துக்கத்தைக் கையில் வைத்திருந்த பெரியவர் அதை நம்பினார்.

ஒருவர் அந்தப் பக்கம் சாய்வதற்குப் புத்தகம் காரணமா, மனிதர் காரணமா என்பதற்கு சி. எஸ். லூயிஸே சாட்சி சொல்லியிருக்கிறார். நார்னியா கதைகளை எழுதியவர். 1955இல் வந்த தன்வரலாற்றில், பள்ளிப் பருவத்தில் 13 வயதை ஒட்டித் தனக்கு அமானுஷ்யத்தின் மேல் ஒரு வெறியே வந்தது என்கிறார். கொண்டுவந்தது எந்தக் கதையும் அல்ல. விடுதியில் பிள்ளைகளைத் தாய் போலப் பார்த்துக்கொண்ட மேட்ரன் ஒருவர். அவர் மிகவும் நல்லவர். ஆவியுலகம், பிரம்மஞானம் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். கெடுக்கும் எண்ணம் துளியும் இல்லாமல் பையனிடம் அதைப் பற்றிப் பேசினார். இப்படிப்பட்ட விஷயங்கள் நிஜமாகவே இருக்கலாம் என்று ஒரு பெரியவர் நம்புகிறார் என்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. அதே லூயிஸ் 1952இல் இன்னொரு இடத்தில் சொன்னதை நான் தங்கைக்குப் போனில் படித்தே காட்டினேன். தேவதைக் கதை படித்து உலகம் அப்படி இருக்கும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை, ஆனால் பள்ளிக்கூடக் கதைகள் படித்துப் பள்ளிக்கூடம் அப்படி இருக்கும் என்று நிஜமாகவே எதிர்பார்த்து ஏமாந்தேன் என்ற பொருளில் எழுதியிருப்பார். நடக்க முடியாததைச் சொல்கிற கதை யாரையும் ஏமாற்றுவதில்லை. நடக்கிற மாதிரியே சொல்கிற கதைதான் ஏமாற்றுகிறது.

கதைகளுக்குள் போய்ப் பார்த்தால், நல்ல மந்திரக் கதைகள் மந்திரத்தை இலவசமாகக் கொடுப்பதும் இல்லை. உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்ஸீ கதையில், கெட் என்ற பையன் சக மாணவன் முன்னால் வீம்புக்காக இறந்தவளின் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழல் வெளியே வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அந்த விரிசலை மூடுவதில் பள்ளியின் தலைமை மந்திரவாதி உயிரையே விடுகிறார். மிச்சக் கதை முழுவதும் அந்த ஒரு வீம்புக்கு அவன் செலுத்தும் விலை. சிறுவனாக இதைப் படித்த யாருக்காவது ஆவியை அழைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுமா? எனக்குத் தோன்றவில்லை, வீம்புக்கு ஒன்றைச் செய்யும் முன் அந்த முகத் தழும்பு நினைவுக்கு வந்திருக்கிறது. 1900இல் வந்த ஓஸ் கதையில் எல்லாரும் நடுங்கும் மந்திரவாதி, திரை விழுந்ததும் பலூனில் வழி தவறி வந்த ஒரு சாதாரண ஆள் என்று தெரிகிறது. அந்தப் பையன் மட்டும் இந்த ஒரு கதையை எட்டு வயதில் படித்திருந்தால், போனில் மிரட்டிய குரலைக் கேட்டதும் திரையை விலக்கிப் பார்க்கத் தோன்றியிருக்குமோ என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

இருந்தாலும் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ஆர்வம் தூண்டப்படுவதே இல்லை என்று சொல்வது உண்மையாகாது. 2000ஐ ஒட்டி பிரிட்டனில், கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய வழிபாட்டு மரபுகளைப் பின்பற்றுகிறவர்களின் பேகன் கூட்டமைப்பு, தொலைக்காட்சித் தொடர்களும் ஹாரி பாட்டரும் வந்த பிறகு இளையோர் நிறைய விசாரிக்கிறார்கள் என்று தானே சொன்னது. 2007இல் ஹெலன் பெர்கரும் டக்ளஸ் எஸ்ஸியும் அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவில் விக்கா போன்ற சூனியக்காரி மரபுகளைத் தாமாகத் தேர்ந்தெடுத்த 90 இளையோரிடம் பேசி ஒரு புத்தகம் எழுதினார்கள். ஊடகக் கதைகள் அந்த வார்த்தையைச் சகஜமாக்கின என்பது அதில் தெரிகிறது. ஆனால் அது பல இழைகளில் ஒன்றுதான். விசாரிப்பது ஒன்று, விழுவது வேறு. ஏழு பாகமும் சேர்ந்து இதுவரை 60 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கின்றன. முதல் வாசகர்கள் இன்று முப்பதுகளைத் தாண்டியிருக்கிறார்கள். பயந்தது நடந்திருந்தால் நம் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் நமக்கு அது தெரிந்திருக்கும்.

எனக்குக் கவலை தருவது கதைப் புத்தகத்துக்கு அடுத்த அலமாரி. 'பதின்ம வயதினருக்கான மந்திரங்கள்' என்கிற மாதிரி, செய்முறையோடு வரும் கையேடுகள். பவுர்ணமியன்று இதைச் செய், அவன் உன்னைத் திரும்பிப் பார்ப்பான் என்று நேராகப் பிள்ளையைப் பார்த்துச் சொல்பவை. அங்கே கதாபாத்திரம் கிடையாது, விலை கிடையாது, திரும்பி வர வாசலும் கிடையாது. அட்டையில் மட்டும் கதைப் புத்தகத்தின் நட்சத்திரமும் கோபுரமும் இருக்கும். இந்த இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கிறோம் என்பதுதான் பெரிய ஆபத்து. கதையைத் தடுக்கப் போராடிய நேரத்தில் கையேடு போன் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

அடுத்த சனிக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். அவளை ஒன்றும் கேட்காதே, நான் பேசிக்கொள்கிறேன் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து நான்காம் பாகத்தைப் பற்றி வெகு நேரம் பேசினோம். யார் செத்துப்போகிறார்கள் என்று சொல்லிவிடாதே என்று என் வாயைப் பொத்தினாள். அப்புறம் மெதுவாக, "மறையும் மந்திரம் ஒண்ணு எழுதியிருக்கியாமே" என்றேன்.

முகம் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் படியின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அது வேலை செஞ்சுதா?"

"பெரியம்மா, அது நானே எழுதினது. எப்படி வேலை செய்யும்?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பெரியம்மாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நிஜமாகவே கவலைப்பட்ட பார்வை.

"அப்புறம் எதுக்கு 7.40?"

"வேன் வர்ற நேரம்."

அதற்கு மேல் நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. வேனில் பின் சீட்டில் இரண்டு பெரிய பெண்கள். இவள் ஏறும்போதெல்லாம் ஏதோ ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். என்ன பெயர் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. நான்கு மாதமாக நடக்கிறது. "அவங்க கண்ணுக்குத் தெரியாம இருந்தா போதும்னு தோணும். அதைச் சொல்லிட்டு ஏறினா கொஞ்சம் தைரியமா இருக்கும். அவ்வளவுதான்" என்றாள். கதவுக்குப் பின்னால் நின்ற தங்கை அழுதுகொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அந்தக் கண்ணின் மேலிருந்த பெருக்கல் குறியை நான் படத்தில் பார்த்தேன், தங்கையும் பார்த்தாள். மந்திரம் என்ற சொல்லில் எங்கள் இருவர் பார்வையும் சிக்கிக்கொண்டதால், ஒரு பிள்ளை 'என்னைப் பார்க்காதே' என்று எழுதி வைத்திருப்பதை நாங்கள் வாசிக்கவில்லை. புத்தகத்தை எடுத்து ஒளித்து வைத்திருந்தால் அன்றோடு அவளுக்கு அந்தக் கொஞ்சத் தைரியமும் போயிருக்கும். நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது.

அன்று மாலை அவளுக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தேன். கையோடு நிஜத்தையும் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு நூலில் என் மோதிரத்தைக் கட்டி, முழங்கையை மேசையில் ஊன்றி, விரல் நுனியில் பிடிக்கச் சொன்னேன். கையை அசைக்கக் கூடாது. வட்டம், வட்டம் என்று மனதுக்குள் நினைத்தால் மட்டும் போதும். மோதிரம் முதலில் சும்மா தொங்கியது. பிறகு லேசாக ஆடியது. பிறகு நல்ல வட்டமாகவே சுற்ற ஆரம்பித்தது. "பெரியம்மா, சத்தியமா நான் அசைக்கலை!" என்று கத்தினாள். தங்கை ஓடிவந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு கணம் பழைய பயம் வந்து போனது.

"இப்ப கண்ணை மூடிக்கோ" என்றேன். மூடினாள். சற்று நேரத்தில் வட்டம் கோணலாகி, சுருங்கி, நின்றே போனது.

மிஷேல் செவ்ருல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1833இல் இதை எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் இப்படித் தொங்கும் ஊசல் தானாகவே பேசும் என்று நம்பினார்கள். அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பார்த்தபோது அசைவு நின்றது. நாம் நினைப்பதை விரல் தசைகள் நமக்கே தெரியாமல் செய்கின்றன என்று கண்டார். 1852இல் வில்லியம் கார்பெண்டர் இதற்கு ஒரு பெயரும் வைத்தார். ஆவியிடம் கேள்வி கேட்கும் எழுத்துப் பலகையில் டம்ளரோ நாணயமோ நகர்வதும் இதனால்தான். அந்தப் பலகைக்கு 1891இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி, விளையாட்டுச் சாமானாகவே கடையில் விற்றார்கள். எந்த விடுதியிலோ எந்தத் தோழி வீட்டிலோ ஒரு நாள் இதைப் பார்க்கத்தான் போகிறாள். அன்றைக்கு அவளுக்கு இந்த மோதிரம் நினைவுக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவள் அதற்குள் மோதிரத்தை வாங்கி அம்மா கையில் கொடுத்து, "நீ செய், நான் உன் கண்ணைக் கட்டறேன்" என்று துப்பட்டாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வேன் விஷயத்தைத் தங்கை திங்கட்கிழமையே பள்ளியில் பேசிவிட்டாள். ஓட்டுநருக்குப் பக்கத்து வரிசையில் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் முழுவதுமாக நிறுத்திவிட்டார்கள் என்று சொல்ல முடியாது, குறைந்திருக்கிறது. இவள் இப்போது என்ன நடந்தது என்று வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடுகிறாள்.

போன வாரம் ஐந்தாம் பாகம் வாங்கிக்கொண்டு போனேன். இந்த முறை பணம் கொடுத்தது தங்கை. பையைத் திறந்ததும் பிள்ளை நான்காம் பாகத்தை அலமாரியில் வைத்துவிட்டு, அதற்குள்ளிருந்த ஒரு மடித்த தாளை எடுத்துப் புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் செருகினாள். பச்சை மையில் தலைப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தங்கையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல், பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதல் அத்தியாயத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள்.